பால் முதலில்

மணி இரண்டே கால். நான்கு மணிக்கு வருங்காலச் சம்பந்தியம்மா டீ குடிக்க வருகிறார். முதல் சந்திப்பு. ஹெஸ்டர் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை!

மதியம் சமையலறைக் குழாய் வெடித்தது. பிளம்பர் நாரிஸ் வந்தார், மெயின் வால்வை மூடினார், சிங்க்குக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்தார். அதோடு சரி. முக்கால் மணி நேரமாக ஸ்பேனர் ஒரு சுற்று, பெருமூச்சு ஒன்று, செருமல் இரண்டு.

"நாலுக்குள்ள முடிஞ்சிடுமா நாரிஸ்?"

"முடியலாம்மா. தொண்டைதான் காஞ்சு கெடக்கு."

ஹெஸ்டருக்குத் திக்கென்றது. வேலைக்கு வந்த மனிதருக்கு இன்னும் டீ கொடுக்கவில்லை! டீ உள்ளே போகாமல் குழாய் மாட்டும் பிளம்பர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இன்னும் பிறக்கவில்லை. டீ போடத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வர நாரிஸ் அசைய வேண்டும். நாரிஸ் அசைய டீ வேண்டும்.

ஒரே வழி, பக்கத்து வீட்டு ஈனிட். அவளோடு பேசி ஆறு வருடம்.

சர்ச் ஹாலில் அத்தனை பேர் நடுவில் ஹெஸ்டர் விட்ட வார்த்தை அப்படி. "நல்ல பீங்கான் வச்சிருக்கிறவங்க டீயை முதல்ல ஊத்துவாங்க. சூடு பட்டா விரியுற மட்டக் கோப்பைக்காரங்கதான் பாலை முதல்ல ஊத்துவாங்க." அப்போது பால் ஜாடியும் கையுமாக எதிரே நின்றவள் ஈனிட்.

ஹெஸ்டர் காலிக் கெட்டிலோடு போய் அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு திறந்தது.

"ஒரு கெட்டில் தண்ணி வேணும் ஈனிட். பிளம்பருக்கு டீ போடணும். நாலு மணிக்குச் சம்பந்தி வேற வர்றாங்க."

"எவ்வளவு நேரமா வேலை செய்யிறாரு?"

"முக்கால் மணி நேரம்."

"இன்னும் டீ குடுக்கலையா? அடிப்பாவி!" ஈனிட் நிஜமாகவே பதறினாள். உடனே சுதாரித்தாள். "உன் கெட்டில் பத்தாது. என்னோட பெரிய கெட்டிலை ரொப்பிக் கொண்டு வர்றேன். ஆனா ஒண்ணு. நாலு மணிக்கு நானும் வருவேன். எனக்குப் பால் முதல்ல. சம்பந்தி முன்னாடி, உன் கையால."

ஹெஸ்டர் தன் காலிக் கெட்டிலைப் பார்த்தாள். "சரி."

நாரிஸுக்குத் தார் நிறத்தில் டீ, மூன்று கரண்டி சர்க்கரை. இருபதே நிமிடத்தில் குழாய் பாடியது. நாரிஸ் விசிலடித்துக்கொண்டு கிளம்பினார்.

நான்கு மணி. சம்பந்தியம்மா திருமதி ஆஷ்கிராஃப்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எதிரே ஈனிட். இந்த டீ சொதப்பினால் ஹெஸ்டர் மகனின் கல்யாணம் நின்றுவிடாது. ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தப் பேச்சு நிற்காது.

ஈனிட்டின் கெட்டிலில் கொதித்த தண்ணீர்தான் டீ பாத்திரத்தில் இருந்தது. ஹெஸ்டர் ஈனிட் கோப்பையில் பாலை முதலில் ஊற்றினாள். சம்பந்தியம்மாவின் புருவம் ஏறியது.

"எனக்கு டீ முதல்ல" என்றார் அவசரமாக.

ஹெஸ்டர் பெருமையோடு தன் உயர்ந்த பீங்கானில் டீயை ஊற்றினாள்.

டிக்!

விளிம்பிலிருந்து அடிவரை விரிசல். வெள்ளை மேஜைவிரிப்பில் பழுப்பு நிறம் பரவியது. ஹெஸ்டருக்கு நிமிரத் தைரியமில்லை. ஆறு வருடம் காத்திருந்த ஈனிட்டுக்குப் பழிதீர்க்க ஒரே ஒரு வார்த்தை போதும்.

ஈனிட் தன் டீயை நிதானமாக உறிஞ்சினாள்.

"தப்பு என்மேலதாங்க. கெட்டில் என்னோடது. அது எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தியாக் கொதிக்கும்."

திருமதி ஆஷ்கிராஃப்ட் கெட்டிலை மரியாதையோடு பார்த்தார்.

ஹெஸ்டர் புதுக் கோப்பை எடுத்து வைத்தாள். இந்த முறை முதலில் பால் ஜாடியைத் தூக்கினாள்.