கமலாத்தாள் பிடித்த புகை

1975, தை மாதம். எலப்புள்ளியில் எங்கள் கரும்பை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டு, வயலில் காய்ந்து கிடந்த கரும்பு இலைச் சோகைக்குத் தீ வைத்தேன். பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றில் பௌதிகம் நடத்தும் என் தங்கை கமலாத்தாள், அன்று லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். கையில் நான்கைந்து கண்ணாடித் துண்டுகள்.

"அண்ணா, சைக்கிளை எடுங்க. இந்தப் புகை பின்னாலயே போகோணும்."

"எங்க போனாலும் புகை புகைதானே அம்மிணி?"

"அதுதான் தெரியலீங்க. போகப் போக மாறுதான்னு பார்க்கோணும்."

முதலில் தீக்குப் பக்கத்திலேயே, புகைத்தூள் படியட்டும் என்று ஒரு கண்ணாடியை நீட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. அரை மணி நேரம் அசையவில்லை. தீயைப் பார்த்துக்கொள்ள, எங்கள் வயலில் வேலை செய்யும் பெரியமுத்துவை நிறுத்திவிட்டு, அவளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டேன். கீழ்க்காற்று முதுகைத் தள்ள, பத்து மைல் மிதித்திருப்பேன். வயலில் கறுப்பாக எழுந்த புகை அங்கே வெளுத்துப் பனிபோலப் படர்ந்திருந்தது. ஒரு பாறைமேல் ஏறி, உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் இன்னொரு கண்ணாடியைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து, அவள் கல்லூரியிலிருந்து எடுத்துவந்திருந்த மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், இரண்டிலும் வெறும் கரும்புள்ளிகள். எனக்கே மனசு விட்டுப்போயிற்று. அவள் இரண்டையும் அடுக்களைக்குக் கொண்டுபோய், கொதிக்கும் சோற்றுப்பானைக்குச் சற்றுத் தள்ளி, ஆவி லேசாகப் படும்படி பிடித்தாள். திரும்பவும் லென்ஸில் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"வந்து பாருங்ண்ணா."

வயலில் பிடித்த புள்ளிகள் உலர்ந்த கரித்தூளாகவே கிடந்தன. பாறையில் பிடித்தவற்றில் பல, தம்மைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தண்ணீரைக் கட்டிக்கொண்டிருந்தன.

"வர்ற வழியில காத்துல இருக்கறதெல்லாம் இதும்மேல படிஞ்சு தோலாட்ட மூடியிருக்கும்னு நினைக்கறனுங்க. அந்தத் தோலுதான் தண்ணியை இழுக்குது."

"அப்ப தினம் காலையில எறங்குற பனிமூட்டம் நம்ம புகைதானா?"

"ஒரு நாள் பார்த்துட்டு அப்படிச் சொல்லக் கூடாதுங்ண்ணா. இன்னும் பத்துத் தடவையாச்சும் பிடிக்கோணும்."

இருபது வருஷமாகச் சோகை எரிக்கிறவன் நான். வரப்பைத் தாண்டிய புகையை ஒரு தடவைகூட நினைத்ததில்லை. கண் சிவந்து, முகமெல்லாம் கரியோடு நின்ற அவளைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் பக்கத்து வயல் காளிச்சாமி தீப்பெட்டியோடு கிளம்பியதைப் பார்த்தேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கொஞ்சம் பொறுங்க. எங்க அம்மிணி கண்ணாடியோட வரோணும்."