கப்பலில் நல்ல தண்ணீர்

வழக்கில் சிக்கிய அந்தச் சரக்குக் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. அதை ஆளில்லாமல் விடக் கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்ததால், மற்ற மாலுமிகள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பேர் மட்டும் தங்கியிருந்தார்கள். ஒருவன் திரேஸ்புரத்துக் கிளைட்டன். இன்னொருவர் சாயர்புரத்திலிருந்து வந்த வயதான சமையல்காரர் தேவமணி.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. கேஸ் சிலிண்டரால் வந்த சண்டை அது. தண்ணீர்த் தொட்டி மூடியின் ரப்பர் வளையம் நைந்து, மழைத்தண்ணீர் மேல்தளத்து அழுக்கையும் பறவை எச்சத்தையும் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குவதைக் கிளைட்டன் பார்த்திருந்தான். இனிமேல் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்றான். அடுத்த சிலிண்டர் எப்போது வருமோ, வெந்நீருக்கு எரித்துவிட்டுச் சோற்றுக்கு என்ன செய்வது என்று தேவமணி கேட்டார். வார்த்தை தடித்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு மூலை.

கிளைட்டனின் சிநேகிதன் செபாஸ்டின் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் வழியில் தன் வள்ளத்தைக் கப்பலோடு அணைத்துக் கேன் தண்ணீர் ஏற்றிவிடுவான். கிளைட்டன் ஒரு கேனைச் சமையலறை வாசலில் வைத்துப் பார்த்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது; தேவமணி தொட்டித் தண்ணீரையே குடித்தார்.

வாடைக்காற்று தொடங்கிய பிறகு வள்ளமும் வரவில்லை. இருந்த கேனைச் சிக்கனமாகக் குடித்துக்கொண்டு கிளைட்டன் மேல்தளத்தில் நடப்பான். தூரத்தில் கரை தெரியும். கீழே தேவமணி இருமுவது கேட்கும். பேசாவிட்டாலும் அந்த இருமலைக் கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

ஒரு காலையில் இருமல் கேட்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தான். கக்கூஸ் வாசலில் தேவமணி சுருண்டு கிடந்தார். கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, போனதெல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரி இருந்தது. வயர்லெஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டான். கடல் கொந்தளிப்பு தணிந்ததும் லாஞ்ச் படகு அனுப்புவதாகச் சொன்னவர்கள், ஒரு டாக்டரையும் பேச வைத்தார்கள். கொதித்து ஆறின தண்ணீரில் சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் கரைத்து விடாமல் கொடுங்கள், வாந்தி எடுத்தாலும் நிறுத்த வேண்டாம், அவரைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார் டாக்டர்.

கிளைட்டன் அடுப்பைப் பற்றவைத்தான். அவரைத் துடைத்து, துணி மாற்றி, தரையில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான். பிறகு தலையை மடியில் வைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினான்.

தேவமணி அடுப்புப் பக்கம் கண்ணைத் திருப்பினார். "கேஸ் தீந்துரும்டே."

"தீந்தா தீரட்டும் அண்ணாச்சி. வாயத் திறங்க."

மத்தியானத்துக்கு மேல் லாஞ்ச் வந்தது. இறக்கும்போது அவர் கிளைட்டனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீயும் வாரியா?"

"ஒருத்தன் இங்கன இருக்கணும்லா."

தண்ணீரால் வந்த நோய்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சுகாதார அதிகாரி வந்து தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்தார். தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்டு ஊறவிட வேண்டும். மறுபரிசோதனை சரியாக வரும்வரை ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். காற்றைச் சோதிக்காமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது, இறங்கினால் மேலே தொட்டியின் வாய்ப்பக்கம் ஒரு ஆள் நிற்க வேண்டும். கப்பலில் இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? கிளைட்டன் செபாஸ்டினைக் கூப்பிட்டான்.

தொட்டியைக் காலி செய்து, மூடியைத் திறந்து, மின்விசிறி வைத்து, காற்றைக் கருவியால் சோதித்துச் சரி என்று தெரிந்த பிறகே கிளைட்டன் இறங்கினான். மேலே செபாஸ்டின் குனிந்து உட்கார்ந்தான். "ஏலே, பேசிக்கிட்டே இரு. சத்தம் நின்னா ஆளக் கூப்பிட்டுருவேன்."

என்ன பேசுவது என்று கிளைட்டனுக்குத் தெரியவில்லை. முதலில் துருவைப் பற்றிச் சொன்னான், சுவரில் வழுவழுவென்று படிந்திருந்த பாசியைச் சொன்னான். தேய்க்கத் தேய்க்க மற்றதும் வந்தது. வானிலை சொல்லும் வயர்லெஸ் குரலுக்குப் பதில் சொல்லிப் பழகியது, தன் பெயரைத் தானே கூப்பிட்டுப் பார்த்தது, கீழேயிருந்து வரும் இருமலுக்காகக் காத்துக் கிடந்தது. இரும்புச் சுவரில் குரல் மோதிப் பெரிதாகத் திரும்பியது. அவனால் நிறுத்த முடியவில்லை.

ஏறி வந்தபோது செபாஸ்டின் துண்டை நீட்டினான். "இம்புட்டையும் உள்ளயே வச்சிருந்தியாக்கும்."

மூடிக்குப் புது வளையம் மாட்டினார்கள். தண்ணீர்ப் படகு வந்து தொட்டியை நிரப்பியது. அதிகாரி அளந்து கொடுத்த குளோரின் கரைசலை ஊற்றினார்கள். செபாஸ்டினுக்குத் தொழில் இருந்தது, போய்விட்டான். குழாய்களிலும் மருந்து ஏற வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்ததால், கிளைட்டன் அறை அறையாகப் போய்க் குழாயைத் திறந்தான். முதலில் துரு கலந்த செந்நிறத் தண்ணீர் வந்தது. குளோரின் வாடை எட்டும்வரை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றான். ஒரு கட்டிலில் யாரோ விட்டுப்போன தலையணை உறை. ஒரு சுவரில் புரியாத எழுத்தில் ஒரு காலண்டர். வாடை வந்ததும் குழாயை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போனான்.

மறுநாள் அந்தத் தண்ணீரை வெளியேற்றி, புதிதாக நிரப்பினார்கள். பரிசோதனையும் சரியாக வந்தது.

தேவமணி போன் செய்தார். உடம்பு தேறிவிட்டதாம், மகன் இனிக் கப்பலுக்கு விட மாட்டேன் என்கிறானாம். "தொட்டி என்னாச்சு?" என்று கேட்டார்.

"சுத்தமாயிட்டு அண்ணாச்சி. தாராளமாக் குடிக்கலாம்."

"நல்லதுடே," என்றார். போனை வைத்துவிட்டார்.

அவருக்குப் பதிலாக ஆள் வரும் என்று கப்பல் கம்பெனி ஏஜெண்ட் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை. கிளைட்டன் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து நின்றபடியே குடித்தான். லேசாக மருந்து வாடை, மற்றபடி நல்ல தண்ணீர். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நங்கூரச் சங்கிலியைப் பார்க்க முன்பக்கம் போனான்.