ஏகாதசியன்று முதல் கதிர்

வடக்குச் சித்திரை வீதிக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் திரு. ரெங்கராஜ் அவர்கள், தமது புராஸ்டேட் சுரப்பியில் அத்துமீறிக் குடியேறிய புற்றுநோயின் மீது வருகிற வியாழன் காலை பத்து மணிக்குப் போர் தொடுக்க இருக்கிறார் என்ற மாபெரும் செய்தி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வெளியானது. வெளியிட்டவர் அவரேதான்.

போருக்கு முன்னால் இரண்டு மாதம் ஹார்மோன் ஊசி. டாக்டர் எளிமையாகத்தான் சொல்லியிருந்தார்: “கதிர் பட்டா கேன்சர் செல்லு உடையும். ஆனா தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். அதுக்கு ஆண் ஹார்மோன் வேணும். அதை நிறுத்திட்டு அடிச்சா, எழுந்திரிக்கிறது கஷ்டம்.”

ஊசி வேலை செய்தது. ரத்தத்தில் இருபத்தாறாக இருந்த பி.எஸ்.ஏ. என்ற புற்று அளவு ஒன்றுக்குக் கீழே இறங்கியது. தலைவர் தை மாதப் பனியில் வியர்த்து வழிந்தார்.

“உடம்பெல்லாம் தீயா எரியுது, வேணி!”

“மாதவிலக்கு நின்னப்ப எனக்கு நாலு வருஷம் எரிஞ்சுது. ‘எல்லாம் மனப்பிரமை’ன்னீங்க,” என்றபடி மனைவி ஃபேனைப் போட்டாள்.

வியாழனும் வந்தது, கூடவே ஏகாதசியும். இவ்வளவு பெரிய காரியத்துக்கு இதைவிட நல்ல நாள் ஏது? தலைவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. வேணியோடு காவிரிப் பாலம் தாண்டினார். மன்னார்புரம் ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு அடியில் படுத்தார். டெக்னீஷியன் ஷஹனாஸ் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

“ஐயா, தண்ணி குடிச்சீங்களா?”

“ஏகாதசிம்மா. சுத்த பட்டினி.”

“மூத்திரப்பை காலியா இருக்கு! அது நிறைஞ்சாத்தான் கதிர் படாம ஒதுங்கும். பேப்பர்ல எழுதிக் கொடுத்தோமே?”

“அதை குரூப்ல போட்டேனே!”

“போட்டீங்க. படிச்சீங்களா?” என்றாள் வேணி.

“பன்னெண்டுக்குள்ள நிறையலேன்னா மெஷின் சர்வீஸுக்குப் போயிடும். அடுத்த புதன்தான்,” என்றாள் ஷஹனாஸ்.

இரண்டு மாதம் வெந்ததெல்லாம் இதற்காகவா? தலைவர் பள்ளிகொண்ட பெருமாள் கோயில் இருக்கும் வடக்கே திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேணி பாட்டிலைத் திறந்தாள்.

“பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு. அவரும் படுத்துக்கிட்டுதான் இருக்காரு. குடிங்க.”

ஒரு லிட்டர் உள்ளே போனது. பதினொன்று நாற்பதுக்கு மறுபடி ஸ்கேன்.

“நிறைஞ்சிருச்சு!” ஷஹனாஸ் கத்தினாள். வேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தாள். மெஷின் தலைவரைச் சுற்றி வந்தது. மூன்றே நிமிடம். முதல் கதிர் இறங்கிவிட்டது! வேணிக்குக் கண் கலங்கியது.

கதவு திறந்தது.

தலைவர் கழிப்பறைக்குப் போனார்.