சரிவில் ஓட்டிப் பார்த்தது

மோட்டார் சைக்கிளை வேண்டுமென்றேதான் கீழே சாய்த்தார்கள். கொச்கோர் ஊரைத் தாண்டிப் பாதை மலையேறத் தொடங்கும் இடம். பெட்ரோல் டேங்க் நிறைந்திருந்தது, பின்பக்கப் பெட்டிகளில் சாமான்கள் அடைக்கப்பட்டிருந்தன. இஷென்பெக் புது வண்டியை மெல்லச் சரளைக் கற்களின் மேல் படுக்க வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். நூர்ஸாத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கல்லின் மேல் வைத்தாள். வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் பின்சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே சிறு சிறு அடி வைத்து அதை நிமிர்த்தினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நம்ம பழைய ஒட்டகத்த இப்படி ஒத்த ஆளாத் தூக்க முடியுமாண்ணே?" என்றாள், மூச்சு வாங்க.

"ஒட்டகத்தத் தூக்கினா நீ படுத்துருவே," என்றான் இஷென்.

அந்தச் சோதனையில் வண்டி தேறிவிட்டது. பிஷ்கெக்கில் தமாரா என்ற ரஷ்யப் பெண்மணி நடத்தும் நிறுவனத்தில் இருவருக்கும் வேலை. வெளிநாட்டுக்காரர்களை மோட்டார் சைக்கிளில் மலைமலையாகக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் வேலை. இஷென் முன்னால் போகிற வழிகாட்டி. நூர்ஸாத் குளிர்காலத்தில் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவாள், கோடையில் கடைசி ஆளாக ஓட்டி வருவாள். ஒட்டகம் என்று அவர்கள் கூப்பிடும் நிறுவனத்தின் பழைய வண்டிகள் பெரியவை, பாரமானவை. நெடுஞ்சாலையில் சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆற்றில் விழுந்தால் மூன்று பேர் இறங்க வேண்டும். அதனால் அடுத்த கோடைக்கு நடுத்தர எடை வண்டிகளாக மாற்றிவிடலாமா என்று தமாராவுக்கு யோசனை. விற்பனைக்காரரிடமிருந்து ஒன்றை இரவல் வாங்கி, இஷென் கையில் சாவியைக் கொடுத்து, "நீ நல்லதுன்னா நல்லது, வேணாம்னா வேணாம்" என்று சொல்லியிருந்தாள். அவன் வார்த்தைக்கு அங்கே அப்படி ஒரு மதிப்பு. வண்டி விஷயத்தில் அவன் பொய் சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

நூர்ஸாத் ஒட்டகம் ஒன்றை ஓட்டிக்கொண்டு பின்னால் வர, இஷென் புது வண்டியில் மலையேறினான். தார்ச்சாலையில் அதன் குறைகள் தெரிந்தன. காற்றுத் தடுப்புக் கண்ணாடி குட்டை. மார்பில் படவேண்டிய காற்று தலையில் மோதியது. வேகம் கூடினால் கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்து விரல் நுனிகள் மரத்தன. இருக்கை பலகை மாதிரி இருந்தது. ஆனால் தார் முடிந்து சரளை தொடங்கியதும் வண்டிக்கு உயிர் வந்தது. எழுந்து நின்று ஓட்டினால் முழங்கால்கள் டேங்கை அளவெடுத்தாற்போலப் பற்றின. பெரிய முன்சக்கரம் கற்களைத் தேடித் தேடி ஏறி இறங்கியது. பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டால், வளைவுகளில் பின்பக்கத்தை வழுக்கவிட்டுத் திருப்ப முடிந்தது. இத்தனை வருஷமாகப் பெரிய வண்டியைக் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டியவனுக்கு, சொன்னதைக் கேட்கும் ஒன்று காலடியில் கிடைத்திருந்தது. கணவாய் உச்சியில் நின்றபோது, தன் வயதை மறந்து சிரித்துக்கொண்டிருப்பதை அவனே கவனித்தான்.

கணவாயைத் தாண்டினால் சோங்குல் ஏரி, சுற்றிலும் புல்வெளி. நூர்ஸாத் பின்தங்கிவிட்டாள். பாதையை விட்டு இறங்கிப் புல்சரிவில் வண்டி எப்படிப் போகிறது என்று பார்த்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அதுவும் சோதனையில் சேர்ந்ததுதானே. சரிவின் மேல்பாதியில் ஒரு குதிரைக்கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அவை தலை தூக்கின, பிறகு ஓடத் தொடங்கின. அப்போதே அவன் ஆக்ஸிலேட்டரை விட்டிருக்க வேண்டும். அத்-பாஷியில் குதிரை மேய்ப்பவனுக்குப் பிறந்து, சேணத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குட்டியோடு இருக்கும் குதிரைகளை எதுவும் துரத்தக்கூடாது. ஆனால் அவை ஓடிய அழகும், அவற்றுக்கு இணையாக வண்டி வழுக்கிப் போன அழகும் சேர்ந்து அவனை ஏதோ செய்தன. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருங்கினான். கூட்டம் வளைந்தது, அவனும் வளைந்தான். சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது, அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. சட்டென்று அந்தச் சாம்பல் நிறம் காணாமல் போனது. மலை அணில்கள் தோண்டிய வளையில் கால் போயிருந்தது. அது தலைகுப்புற விழுந்து, புரண்டு, எழுந்தபோது முன்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே வேறெங்கோ பார்த்தது.

இஷென் நிற்கவில்லை. நிற்க நினைத்தான், ஆனால் நினைப்பதற்குள் சரிவு முடிந்து பாதை வந்துவிட்டது. பாதை வந்ததும் வண்டி தானாகப் பாதையில் போனது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். மூன்று காலில் நின்ற குதிரையும், அதைச் சுற்றிச் சுற்றி வந்த குட்டியும் தெரிந்தன. பிறகு கண்ணாடியை நிமிர்த்திவிட்டான். நூர்ஸாத் வந்து சேர்ந்து, "புல்லுல எப்படிண்ணே?" என்று கேட்டபோது, "வெண்ணெய் மாதிரி போகுது" என்றான். அவன் நாக்கு அதைச் சொன்ன வேகம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

நாரின் நகரத்துக்கு இறங்கினார்கள். அங்கிருந்து எல்லைப் பக்கம் போய், ஆறுகளைக் கடந்து, கல்லும் சேறும் பார்த்து இரண்டே நாளில் திரும்பினார்கள். நூர்ஸாத் ஒவ்வொன்றையும் ரசித்துச் சோதித்தாள். சங்கிலியை அளந்தாள், ஏர் ஃபில்டரைத் திறந்து தூசி பார்த்தாள், கிராமத்தில் ஜாடியில் விற்ற மட்டமான பெட்ரோலை ஊற்றி எஞ்சின் இருமுகிறதா என்று காது வைத்துக் கேட்டாள். இஷென் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திரும்பும்போது நெடுஞ்சாலை வழியாகவே பிஷ்கெக் போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தான்.

"என்னண்ணே, பாரத்தோட ஏரிக்குப் போற அந்தக் கொண்டை ஊசி ஏத்தத்துல ஏத்திப் பாக்க வேணாமா? தமாரா அக்கா மொதல்ல அதத்தான் கேக்கும்," என்றாள் அவள். மறுக்க அவனிடம் காரணம் எதுவும் இல்லை.

ஏரிக்கு மேலே ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பாதை வெள்ளையாகி, பிறகு சேறாகியது. நூர்ஸாத்தின் கையுறைகள் நனைந்துவிட்டன; கிளட்ச் பிடிக்கும் விரல்களில் உணர்வே இல்லை என்றாள். அந்த வெட்டவெளியில் ஒரே ஒரு கம்பளிக் கூடாரத்தின் உச்சியிலிருந்து மட்டும் புகை வந்தது. "இன்னும் கொஞ்சம் போயிடலாம்," என்றான் இஷென். "நீங்க போங்க. நான் செத்துருவேன்," என்று சொல்லிவிட்டு அவள் திருப்பினாள். கூடாரத்தருகே நனைந்து நின்ற குதிரைகளை அவன் பார்த்தான். சாம்பல் நிறம் ஒன்றும் இல்லை. தனியாகக் கட்டியிருந்த ஒரு குட்டி, வருகிறவர்களைப் பார்த்துக் கனைத்தது.

கூடாரக்காரரின் பெயர் துர்தகுன். அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். அவர் மனைவி சோனுன் இருவர் பங்குக்கும் பேசினாள். நூர்ஸாத்தின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள், நனைந்த சட்டைகளை உருவி அடுப்பு மேல் போட்டாள், ரொட்டியும் பாலேடும் தேநீரும் பரப்பினாள். துர்தகுன் வழக்கப்படி, யார் பிள்ளை, எந்த ஊர் என்று விசாரித்தார். இஷென் தந்தையின் பெயரைச் சொன்னான். அத்-பாஷியில் அரசாங்கக் குதிரைகளை மேய்த்தவர் என்றும் சொன்னான்.

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் துர்தகுன். "நல்ல குதிரைக்காரர்."

சோனுன் அடுப்பிலிருந்து பெரிய பாத்திரத்தை இறக்கினாள். குதிரைக்கறியின் மணம் கூடாரத்தை நிறைத்தது. "நல்ல நேரத்துக்கு வந்தீங்க கண்ணுங்களா. எங்க சாம்பல் குதிர கால ஒடிச்சிக்கிச்சு. கறக்கறதுலயே அதுதான் அதிகம் கறக்கும். என்ன பண்றது, கத்தி வைக்க வேண்டியதாப் போச்சு. இந்தக் கிறுக்குக் குட்டி வேற யாருகிட்டயும் குடிக்க மாட்டேங்குது. எதப் பாத்து மெரண்டுச்சுங்களோ தெரியல."

துர்தகுன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் இஷெனின் வாய் தானாகத் திறந்தது.

"இந்தப் பக்கம் ஓநாய் உண்டில்லண்ணே?"

துர்தகுன் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "உண்டு," என்றார்.

பிறகு குடத்துத் தண்ணீரை அவன் கைகளில் ஊற்றினார். விருந்தாளிக்கென்று ஒதுக்கும் எலும்புத் துண்டத்தை எடுத்து, கொழுப்போடு சேர்த்து அறுத்து, அவன் முன் வைத்தார். "சாப்பிடு."

இஷென் சாப்பிட்டான். பசி இருந்தது என்பதுதான் கொடுமை. கறி மென்மையாக வெந்திருந்தது. உடம்பு அதை நன்றியோடு ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நிற்கும் என்று எதிர்பார்த்தான், ஒன்றும் நிற்கவில்லை. நூர்ஸாத் விரல்களில் கொழுப்பு வழிய, சோனுனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். துர்தகுன் வண்டியைப் பற்றி விசாரித்தார். எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், குளிரில் கிளம்புமா, ஆற்றில் நிற்குமா. இஷென் ஒவ்வொன்றுக்கும் விளக்கமாகப் பதில் சொன்னான். பேசிக்கொண்டே இருந்தால் பாதுகாப்பாக இருந்தது.

"இதுல ஏறிக் குதிரைங்கள ஓட்டலாமா?" என்று கேட்டார் துர்தகுன்.

"அதுக்கெல்லாம் ஆகாதுண்ணே," என்றான் இஷென். கன்னங்கள் எரிந்தன. அடுப்பின் சூடு என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள் என்று நம்பினான்.

காலையில் வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. துர்தகுன் குட்டியின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, ரப்பர் காம்பு மாட்டிய பாட்டிலை அதன் வாயில் திணிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி பல்லைக் கடித்துத் தலையைத் திருப்பியது. பால் அவர் கைகளில் வழிந்தது. நூர்ஸாத் வண்டியருகே கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பேசாவிட்டால் கிளம்பிவிடலாம் என்பது இஷெனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சினை இயக்கினால் போதும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த எண்ணம் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. புல்லைக் கடந்து போய்த் துர்தகுன் முன் நின்றான்.

"அண்ணே, அது ஓநாய் இல்ல. நான்தான். வண்டியில வந்து வெரட்டினேன். விழுந்ததப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

துர்தகுன் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்," என்றார். "ஓநாய்க்குச் சக்கரம் ஏது? ஈரப்புல்லுல கோடு போட்ட மாதிரி கெடந்துச்சு. நேத்து நீங்க வந்து எறங்கினப்பவே டயரப் பாத்துட்டேன்."

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நனஞ்சு வந்த விருந்தாளிகிட்ட எப்படிக் கேக்குறது? சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லுவேன்னு பாத்தேன். சாப்பிட்டப்புறம் சொல்லுவேன்னு பாத்தேன். ஓநாய்னு சொன்னே. சரி, நம்மளா ஏன் கெளறணும்னு விட்டுட்டேன்."

இஷென், ஈடாக எந்தக் குதிரை வேண்டுமானாலும் கொண்டுவந்து விடுகிறேன், அத்-பாஷியில் என் அண்ணனின் குதிரைக்கூட்டத்தில் நல்ல பெட்டைகள் இருக்கின்றன என்று ஏதேதோ சொன்னான். வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. துர்தகுன் கையசைத்து நிறுத்தினார்.

"அது பெறகு பேசற பேச்சு. கொண்டா, கொண்டுவராமப் போ, அது உன்பாடு. உன் அப்பா இப்ப இருக்காரா?"

"இல்லண்ணே. காலமாயிட்டாரு."

"நல்லது," என்றார் துர்தகுன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அந்த மனிதருக்காக உண்மையிலேயே ஆறுதல் அடைந்தவர்போலச் சொன்னார். இஷெனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை; பாலில் நனைந்த அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பியபோது நூர்ஸாத் கயிற்றைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"என்னையும் சேத்துத் திங்க வெச்சியே," என்றாள். அவனிடம் அவள் அண்ணே என்ற சொல் இல்லாமல் பேசியது அதுதான் முதல்முறை.

சோனுன் கூடார வாசலில் வந்து நின்றாள். அவளுக்கும் முன்பே தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. வழிக்கென்று துணியில் சுற்றிய ரொட்டியை நூர்ஸாத்தின் கையில் கொடுத்து, அவள் நெற்றியில் முத்தமிட்டாள். இஷெனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அவன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பப் போனான்.

"இங்க கெளப்பாதே," என்றார் துர்தகுன் பின்னாலிருந்து. "குட்டி மெரளும். ரோடு வரைக்கும் தள்ளிட்டுப் போ."

இறங்கினான். நூர்ஸாத் தன் பெரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்பே நடக்கத் தொடங்கியிருந்தாள். உடம்பு முழுவதும் முன்னால் சாய்ந்திருந்தது, ஒருமுறைகூடத் திரும்பவில்லை. உதவட்டுமா என்று கேட்கும் தைரியம் அவனுக்கு இல்லை. புல்வெளி தூரத்திலிருந்து சமமாகத் தெரிந்தது. தள்ளும்போதுதான் அதில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று புரிந்தது. உருகிய ஆலங்கட்டியில் சக்கரங்கள் புதைந்தன. பூட்ஸ் வழுக்கியது. சட்டைக்குள் வியர்வை ஓட, மூச்சு வெள்ளையாக வெளியே வந்தது. எங்காவது நின்று இளைப்பாறலாம்தான், ஆனால் முதுகுக்குப் பின்னால் இருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு அவனை நிற்கவிடவில்லை.

பாதி தூரத்தில் பின்னால் ஏதோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. திரும்பினான். கூடாரத்தருகே யாரும் இல்லை; துர்தகுன் குட்டியின் கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளே போயிருந்தார். குட்டி அவன் பின்னாலேயே வந்திருந்தது. சத்தம் போடாத அந்த இரும்பைச் சுற்றி வந்து, பின்சக்கரத்தை முகர்ந்து, பெட்டியைப் பல்லால் தட்டிப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, டேங்குக்குக் கீழே, எஞ்சினின் குளிர்ந்த வயிற்றில் மூக்கை வைத்து முட்டியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி முட்டியது. இஷென் வண்டி சாய்ந்துவிடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்றான்.