ஹினெக்கின் மரத்தில் தொங்கிய வாசனைப் பை

அந்தக் கோடையில் செக் நாட்டு ஷுமாவா மலையில் மரப்பட்டையை மெல்லும் பட்டை வண்டுகளின் சத்தம் எவ்வளவு என்றால், ஞாயிறு பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி, சன்னல் வழியே காட்டைப் பார்த்து, "நான் முடிச்சுக்கிறேன், அப்புறம் மெல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். அவையும் மரியாதைக்கு நிறுத்தின. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்டெலின் இதற்குச் சாட்சி.

ஆனால் அவர் நினைப்பெல்லாம் தன்னுடைய அறுபத்து மூன்று ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்களின் மேல்தான். அந்தச் சரிவில் காயாமல் மிஞ்சியவை இரண்டே தோப்புகள். ஒன்று அவருடையது. அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல், பக்கத்து வீட்டுக்காரர் ஹினெக்குடையது. பதினோரு வருடத்துக்கு முன் வெண்டெலினின் எல்லைக்குள் முளைத்த காளானை ஹினெக் பிடுங்கிப்போனதிலிருந்து, அந்தத் தோப்பு சாயவேண்டும், தன்னுடையது நிற்கவேண்டும் என்பதே வெண்டெலினின் வேண்டுதல்.

ஆண் வண்டுதான் முதலில் துளைபோடும். தெம்புள்ள மரம் பிசினைக் கக்கி அதை மூழ்கடித்துவிடும். மழை பெய்யாத வருடத்தில் பிசினுக்கு எங்கே போவது? ஆண் உள்ளே ஓர் அறை குடைந்து, வாசனை விட்டு, இரண்டு மூன்று பெண்டாட்டிகளை வரவழைக்கும். அதே வாசனைக்கு மற்ற ஆண்களும் வந்து குவியும். அந்த வாசனையைப் பையில் அடைத்து விற்கிறார்கள். வண்டு பிடிக்கும் பொறிக்குள் தொங்கவிட்டு, பொறியை மரங்களைவிட்டுத் தள்ளி நிறுத்த வேண்டும். வெண்டெலின் பொறியை வீட்டிலேயே போட்டுவிட்டு, பையை மட்டும் கொண்டுபோய் ஹினெக்கின் மரத்தில் ஆணியடித்தார்.

அன்று மதியம் வண்டுகள் பறந்த வேகத்தில், தபால்காரியின் சைக்கிள் மிதிக்காமலேயே மேட்டில் ஏறியது.

மூன்றாம் வாரம் ஹினெக்கின் மரங்களடியில் வண்டு குடைந்த பொடி காப்பித்தூள் மாதிரி குவிந்தது. ஹினெக் பையோடு வேலியோரம் வந்தார்.

"யோவ் வெண்டெலின், இது உன்னுதா?"

"எனக்கென்ன தெரியும்? பறவை கொண்டாந்து போட்டிருக்கும்."

"ஆணியோடவா?"

"இந்தக் காலத்துப் பறவை."

"சரி. வண்டுக் குஞ்சு வெளிய வர்றதுக்குள்ள மரத்தையெல்லாம் வெட்டிப் பட்டையோட ஏத்தி அனுப்பணும். நாளைக்கே வெட்டறேன். ஒண்ணைக்கூட விடமாட்டேன்."

"வெட்டு, வெட்டு. நான் வேணா ரம்பம் பிடிக்கவா?"

"நீ உக்காந்து வேடிக்கை பாரு, போதும்."

பார்த்தார். கடைசி மரம் விழுந்தபோது வெயில் நேராக வந்து வெண்டெலினின் தெற்கு வரிசைமேல் விழுந்தது. நாற்பது வருடமாக நிழலிலேயே வளர்ந்த மரங்கள், மெல்லிய பட்டை. தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. வெயிலில் வெந்த மரத்தில் பிசின் ஏது? ஹினெக்கின் மரத்தில் முட்டையிட்டு முடித்த தாய் வண்டுகளோ, ரம்பம் வருவதற்கு முன்பே கிளம்பி இரண்டாவது வீடு தேடிக்கொண்டிருந்தன.

"ஓரத்துல ஒரு வரிசையாவது விட்டிருக்கலாமேய்யா!"

"அதுலயும் வண்டு இருந்துச்சே. உன் பறவையைத்தான் கேக்கணும்."

வெண்டெலின் போர்வை, மேசைவிரிப்பு, கல்யாணக் கோட்டு எல்லாவற்றையும் மரங்களுக்குப் போர்த்திவிட்டார். வண்டுகள் கோட்டுப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உள்ளே போயின. ஆகஸ்டு முடிவதற்குள் அறுபத்து மூன்றும் காய்ந்து, வெட்டுப்பட்டுப் போயின.

இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. காலையில் சன்னலைத் திறந்தால் நேரெதிரே ஹினெக்கின் மூஞ்சி. முதல் நாள் இருவரும் படாரென்று சாத்தினார்கள். மறுநாள் முதல் சாத்தவில்லை, சாத்துகிறவன் தோற்றவன். குளிர்காலமும் வந்து, பனி உள்ளே கொட்டிக் கட்டில்வரை ஏறிவிட்டது. சன்னல்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன.