நூற்றுப் பத்துக்குக் கீழே

தையற்காரி அந்தச் சத்துமாவு டின்னை வாங்கியது மாவுக்காக அல்ல, மூடிக்காக. பிள்ளைகளை மளமளவென்று வளர்க்கும் என்று டின்னில் எழுதியிருந்தது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு பூங்காவின் படம்: ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, தலைகீழாகத் தொங்கும் ரயில். ஐந்து மூடி கொண்டுபோனால் ஒரு பெரியவருக்குப் பாதிக் கட்டணம். நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது. காலாண்டுப் பள்ளி விடுமுறையின் கடைசி நாளோடு சலுகை முடிந்துவிடும். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"வளர்க்கிற மாவை விக்கிறவன் வளராத பிள்ளைக்கு இலவசம்ங்கிறான். கெட்டிக்காரன்தான்" என்றான் அவள் கணவன். பஸ் ஓட்டுகிறவன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியும் சொந்தக் குடும்பத்தை ஓரிடத்துக்கும் கூட்டிப்போனதில்லை என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு.

"நீங்க சும்மா குடிங்க. பத்து மூடி சேரணும்."

"முப்பத்தெட்டு வயசுல நான் வளர்ந்தா பஸ் கூரையில இடிக்குமேடி!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறரை வயது. மெலிந்த உடம்பு, பெரிய தலை, எங்கே உட்கார்ந்தாலும் கண்ணில் படமாட்டாள். அதனால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

அன்றைக்கே தையற்காரி அவளைக் கதவு நிலையில் நிறுத்தி வைத்து அளந்தாள். அவள் டேப்பில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். பதினைந்து வருடத் தொழிலில் அங்குலப் பக்கத்தைத் தவிர அவள் பார்த்ததே இல்லை. முதல்முறையாக டேப்பைத் திருப்பிப் பிடித்தாள். நூற்றொன்பது. பென்சிலால் ஒரு கோடு போட்டாள். ஒரு சென்டிமீட்டர் மேலே, பூங்காவின் நூற்றுப் பத்துக்கும் ஒரு கோடு போட்டாள்.

வாயில் நாலைந்து குண்டூசியைக் கடித்தபடியே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "ஆறு மாசத்துக்கு வளராம இருந்துக்கோடி கண்ணு. அப்புறம் பனைமரமா வளரு, யாரு கேக்கப் போறா?"

"சரிம்மா" என்றாள் குண்டூசி.

மூடிகள் சேர்ந்துகொண்டு வந்தன. மாதம் பிறந்தால் அளவு பார்ப்பார்கள். நூற்றொன்பது. அடுத்த மாதமும் நூற்றொன்பது. கோட்டுக்குக் கீழே தலை நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் தையற்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். "என் தங்கம், அம்மா மனசறிஞ்சு நடக்குது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளுவாள். புது வகுப்புக்குச் சீருடைப் பாவாடையின் ஓரத்தை வழக்கம்போல் பிரித்துவிட வேண்டியிருக்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

மாடியில் இருக்கும் நாத்தனார் ஒருநாள் இறங்கி வந்தவள், வாசற்படியில் நின்றே கேட்டாள்: "என்ன அண்ணி, பிள்ளை இப்படி ஒட்டிக் கிடக்கா? ஊரு பிள்ளைக்கெல்லாம் சட்டை தைக்கிற, உன் பிள்ளை சட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க மாட்டியா?"

"ஓடியாடுற வயசு, சதை எங்க பிடிக்கும்?" என்று இவள் துணியை வெட்டிக்கொண்டே சொன்னாள். நாத்தனார் போனபிறகு, "பார்க்குக்குக் கூப்பிடலைன்னு வயித்தெரிச்சல்" என்று மெஷினிடம் சொன்னாள்.

கடைசி மாதத்தில் வீட்டுக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. எங்கிருந்து என்று பிடிபடவில்லை. எறும்புச்சாரை ஒன்று மெஷினுக்கு அடியில் போய் வந்தது. "எலி செத்துக் கிடக்கு" என்று கணவன் தீர்ப்புச் சொன்னான். எலிப்பொறி ஒன்றும் வாங்கி வைத்தான். அதில் எதுவும் விழவில்லை.

"செத்த எலி எப்படிங்க பொறிக்கு வரும்?" என்று அவள் கேட்டதற்கு, "சொந்தக்காரங்க துக்கம் விசாரிக்க வருவாங்கல்ல?" என்றான்.

பூங்காவுக்குப் போக இரண்டே நாள் இருந்தது. மகளுக்கு ஒரு புதுச் சட்டை தைத்துவிடலாம் என்று மஞ்சள் துணியை எடுத்து வைத்துக்கொண்டு தையற்காரி அவளைக் கூப்பிட்டாள். டேப்பை அங்குலப் பக்கம் திருப்பி இடுப்பைச் சுற்றினாள்.

பதினெட்டரை.

அளவு நோட்டைப் புரட்டினாள். போன வருடம் இருபது. டேப் பழசு, இழுபட்டு நீண்டிருக்கும். நீண்ட டேப் குறைத்துத்தான் காட்டும். வாடிக்கைக்காரிகளுக்காக வைத்திருந்த புது டேப்பைப் பிரித்தாள். பதினெட்டரை. மார்பைச் சுற்றினாள். அங்கேயும் ஒன்றரை அங்குலம் குறைவு. சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிக்கொள் என்பதுபோல் நின்றது.



"அசதியா இருக்கும்மா. உக்காந்துக்கட்டுமா?" என்றாள் குண்டூசி.

உட்கார வைக்க, மெஷினடியில் கிடந்த வெட்டுத்துணி மூட்டையை இழுத்தாள் தையற்காரி. அந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். கலர் கலராகத் துணித் துண்டுகள். பாதிக்குமேல் அழகாகப் பொட்டலமாக மடிக்கப்பட்டு, நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒன்றைப் பிரித்தாள். கல்லாய்க் காய்ந்த ரொட்டி. இன்னொன்று: பச்சை பூத்த முட்டை மஞ்சள் கரு. இன்னொன்று. இன்னொன்று. எறும்புகள் அவள் கையில் ஏறின. தட்டிவிடத் தோன்றவில்லை.

"என்னடி இது?"

குண்டூசி மூட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "எலிக்கு."

"எந்த எலிக்குடி?"

அந்தச் சின்ன வாய் கோணியது. "நீதானம்மா சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"ஆறு மாசத்துக்கு வளராம இருந்துக்கோன்னு."

தையற்காரி கதவு நிலையில் இருந்த கோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு அஞ்சு மூடி இருக்கு. உனக்கு அஞ்சு மூடி இருக்கு. எனக்கு மூடி இல்லல்ல? நான்தான சின்னதா இருக்கணும்?"

"பால்? தினம் டம்ளர் காலியா இருந்துச்சே?"

"அது சிங்க்ல ஊத்திடுவேன். அந்த மாவு ரொம்ப வளர்க்கும்மா, டின்லயே எழுதியிருக்கு."

"பள்ளிக்கூடத்துக்குக் குடுத்து விடுறது?"

"பக்கத்துல உக்காருறவளுக்குக் குடுத்துடுவேன். அவ வளரலாம். அவங்க வீட்ல பார்க் போகல."

கணவன் அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே நுழைந்தான். தரையில் கிடந்ததைப் பார்த்து, "எலி சிக்கிடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். மனைவி டேப்பை அவன் கையில் கொடுத்து, பிள்ளையைக் காட்டினாள். அவன் அளக்கவில்லை. மகளின் மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளைத்தான். விரல் சுற்றி வந்த பிறகும் உள்ளே இடம் இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். "உயரம் நின்னு எவ்வளவு நாளாச்சு? கவனிக்கலையா?" என்று கேட்டாள்.

கவனித்தார்கள். மாதாமாதம் கோடு போட்டுக் கவனித்தார்கள். கவனித்துச் சந்தோஷப்பட்டார்கள். இதை எந்த வாயால் சொல்வது?

"நல்ல வேளை, இப்பவாவது கொண்டுவந்தீங்க. உடம்பு தேறிடும். ரெண்டு மாசத்துக்கு ராட்டினம், கீட்டினம் எதுவும் வேண்டாம். வயிறார சாப்பிடட்டும்."

ஆனால் வீட்டுக்கு வந்தும் குண்டூசி சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவைத்து, "அடுத்த தடவை போறப்ப நான் வளர்ந்திருந்தா?" என்றாள். இனி எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம் என்று அம்மா சத்தியம் செய்தும் நம்பவில்லை. சொன்ன வாய் இதுதானே என்பதுபோல் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் தையற்காரி சமையலறைக்குள் போய் நின்றுகொண்டாள்.

கணவன் எழுந்து போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து, தட்டின் பக்கத்தில் ஒரு சீட்டை வைத்தான். பூங்காவின் டிக்கெட். முழுக் கட்டணம். வருடத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம்.

குண்டூசி எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். "இதுக்கு மூடி வேண்டாமா?"

"வேண்டாம்."

"கோட்டைத் தாண்டிட்டா?"

"கூரையில இடிச்சாலும் உள்ள விடுவாங்க."

ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள். வாயில் வைத்துக்கொண்டே அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மென்றாள்.

தையற்காரி மெஷினில் உட்கார்ந்து மஞ்சள் துணியை எடுத்தாள். சட்டையின் ஓரத்தை உள்ளே மடித்தாள். போதாது என்று பிரித்து இன்னும் மடித்தாள். குண்டூசி தட்டோடு வந்து பக்கத்தில் நின்று, மடிப்பின் மேல் விரலை வைத்து அளந்தாள்.

"நாலு விரல் இருக்கும்மா. இவ்வளவும் நான் வளரணுமா?"

"ம்."

"அதுக்கு எத்தனை முட்டை சாப்பிடணும்?"

மெஷின் சக்கரத்தில் வைத்த கை வைத்தபடியே இருந்தது.