ஊர் எடுத்துப்போன கற்கள்

மே மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில், லார் கெயினரின் கீழ்வயலில் கூரையில்லாமல் கிடந்த, எப்போதோ கப்பலேறிப் போன பெர்னார்டின் பாழ்வீடு இடுப்பளவுக்கு வளர்ந்திருந்தது. திங்கட்கிழமை வரை அது காஞ்சொறி மூடிய வெறும் கல்வரிசை, முழங்காலுக்குக்கூட எட்டாது. அதே வாரம் முல்லிங்கார் சந்தையில் இரண்டு வயதுக் காளைகளின் விலை இறங்கியிருந்தது. கிளோனர்டி ஊர்க்காரர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வீடு வளர்வது அவர்களுக்குப் புதிதல்ல. கப்பலேறிப் போனவர்களின் வாரிசு யாராவது எங்கோ ஒரு மூலையில் ஊருக்கு வரப் பயணச்சீட்டு வாங்கினால், இங்கே அவர்களுடைய பாழ்வீடு அசைந்து கொடுக்கும். டால்ட்டன் வீட்டின் புகைபோக்கி அப்படித்தான் எழுந்தது. இரண்டு நாள் கழித்து நியூயார்க்கிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் வந்து அதன் கீழே நின்று அழுதுவிட்டுப் போனார். இப்போது அதில் காக்கைகள் குடியிருக்கின்றன. ஒஹாயோவிலிருந்து முன்னோர் உடை என்று கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து லெட்வித் வீடு தன் பாட்டனுடையது என்றபோது ஒரு கூழாங்கல்கூடப் புரளவில்லை. அவருக்கு இரண்டு கோப்பை பீர் வாங்கிக்கொடுத்து, பக்கத்து மாவட்டத்தில் விசாரிக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். ஆகவே பெர்னார்டின் சுவர் எழுந்ததைப் பார்த்ததும் அவனுடைய வாரிசு வருகிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஏன் வருகிறது என்று கேட்டவன் லார் ஒருவன்தான்.

லார் சந்தேகத்திலேயே பிறந்து வளர்ந்தவன். வானொலியில் மழை என்று சொன்னால் வெளியே வந்து கையை நீட்டிப் பார்ப்பான். மாட்டு வைத்தியர் ஊசி போட்டால் அதே மருந்துதானா என்று புட்டியை மோந்து பார்ப்பான். அறுபத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை. அவனைவிட மூன்று வயது மூத்த அக்கா டிம்ப்னாவுக்கும் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே மேசை, அடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. பெர்னார்ட் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா தாமஸின் தம்பி. வெஸ்ட்மீத் மாவட்டத்தின் இந்தப் பக்கத்திலிருந்து சந்து சந்தாக ஆட்கள் ஆடு மேய்க்க அர்ஜென்டினாவுக்குப் போன காலத்தில் அவனும் போனான். போவதற்கு முன்னால் தாயின் ஒரே பசுவைத் திருடி விற்றுவிட்டான் என்பது லார் வீட்டுக் கதை. அதனாலேயே அந்தப் பாழ்வீட்டுக்குள் கெயினர்கள் யாரும் கால் வைப்பதில்லை. சுற்றிலும் மாடு திரியும், வடிகால் வெட்டுவார்கள். உள்ளே மட்டும் போகமாட்டார்கள்.

வியாழக்கிழமை வாடகைக் காரில் வந்து இறங்கியவள் பெயர் மிர்தா. ஐம்பத்தெட்டு வயது, வெயிலில் காய்ந்த முகம், ஆண்கள் போடும் பூட்ஸ். தன் குடும்பப் பெயரை அவள் "கைனோர்" என்றாள். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும், லாரின் செத்துப்போன தாத்தா எப்படி உச்சரிப்பாரோ அப்படியே உச்சரித்தாள். இந்த ஊரிலேயே ஐம்பது வருடமாக யாரும் அப்படிப் பேசுவதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், புல்வெளிக்கு நடுவே, அந்தப் பேச்சு நான்கு தலைமுறையாகக் கெட்டுப்போகாமல் இருந்திருக்கிறது. கேட்டதும் டிம்ப்னாவின் கண் நிறைந்துவிட்டது. லாருக்கு யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியதாகப் பட்டது.

டிம்ப்னா மேசை நிறையப் பரப்பினாள்: பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டி, சோடா ரொட்டி, வெண்ணெய், தேநீர். மிர்தா எல்லாவற்றையும் புகழ்ந்தாள். எதையும் வாயில் வைக்கவில்லை. ரொட்டித் துண்டு கையிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து பைக்கும் போனதை லார் பார்த்தான். கிளம்பும்போது வேலி ஓரம் நின்று அவனுடைய காளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"எண்ணுறா," என்றான் லார்.

"வந்தவங்க மாட்டைக்கூடப் பாக்கக் கூடாதா?"

"பாக்குறது வேற, எண்ணுறது வேற. பங்கு கேக்க வந்திருக்கா, டிம்ப்னா."

சுவர் எழும்பிக்கொண்டே இருந்தது. கற்கள் எங்கிருந்து வருகின்றன என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. ஃபின்டன் கீகனின் மதுக்கடையில் முதலில் நுழைந்தவர் வாசற்படி இருந்த இடத்தில் கால் வைத்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டார். பங்குச் சாமியாரின் வாசலில் ஒரு தூண் குட்டையாகி, இரும்புக் கதவு சாய்ந்து தொங்கியது. பாலஸ்டி வீட்டுப் பன்றிகள் ஒரு சுவர் குறைந்த பட்டியிலிருந்து வெளியேறிப் பள்ளிக்கூட மைதானத்தில் உட்கார்ந்திருந்தன. நூற்றைம்பது வருடமாக பெர்னார்டின் வீட்டிலிருந்து கல் எடுக்காத குடும்பம் அந்தப் பங்கில் இல்லை. யாரும் புகார் கொடுக்கவில்லை. கல்லைக் காணோம் என்று சொன்னால், கல் எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டுமே. ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தார்கள். அந்த வாரம் மதுக்கடையில் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து குடித்தார்கள்.

நண்பகலில் லார் தன் கண்ணாலேயே பார்த்தான். ரொட்டி அடுப்பு அளவுக்கு ஒரு கல், ஆற்றுப் பாலத்திலிருந்து மேட்டுச் சாலையில் மெல்ல உருண்டு ஏறியது, மாலையில் கொட்டிலுக்குத் திரும்பும் பசுவைப்போல. எதிரே வந்த தபால்காரி வண்டியை நிறுத்தி, அது கடந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, கையசைத்துவிட்டுப் போனாள்.

"ஆள் வெச்சு செய்றா," என்று வீட்டுக்கு வந்து சொன்னான்.

"யாரும் தொடாம உருளுதுன்னு நீயே சொல்றே. அதுக்கு எந்த ஆளுடா?"

"அதான் சந்தேகமா இருக்கு. தொட்டு உருட்டியிருந்தா நேர்மையான வேலைன்னு விட்டிருப்பேன்."

சனிக்கிழமை டிராக்டரைச் சேற்றில் திணறத் திணற ஓட்டிக்கொண்டு போய், முன்பக்க வாளியால் சுவரை இடித்துத் தள்ளினான். ஊர் பார்த்தது. பலபேர் மனதுக்குள் அவன் வெற்றிபெறவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பியபோது சுவர் தோள் உயரத்துக்கு வந்து, அதில் ஒரு சன்னலும் இருந்தது. லாரின் மாட்டுக்கொட்டிலில் பின்சுவர் இல்லை. பசுக்கள் வரிசையாக நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கொட்டிலைக் கட்டியவர் அவனுடைய தாத்தா. லார் யாரிடமும் சொல்லாமல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். இவ்வளவு நாளும் ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனுக்குத் தன் வீட்டைச் சந்தேகப்படத் தோன்றியதே இல்லை.

அன்று மத்தியானம் மிர்தா மறுபடி வந்தாள். லார் தேநீர் ஊற்றும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

"எத்தனை ஏக்கர் வேணும் உங்களுக்கு? நேரா சொல்லிடுங்க."

"ஏக்கரா?" மிர்தா சிரித்தாள். "என் நிலத்தைக் குதிரைல ஒரு சுத்து வர அரை நாள் ஆகும். உங்க கீழ்வயலை எங்க பக்கம் மாட்டுக்கொட்டில்னு சொல்லுவாங்க."

"அப்ப எதுக்கு என் மாட்டை எண்ணினீங்க?"

"எண்ணல. ஏன் இப்படி மெலிஞ்சு கிடக்குன்னு பாத்தேன். கேட்டா கோச்சுக்குவீங்க."

"எங்க வீட்டு ரொட்டில என்ன குறை? ஒரு வாய் திங்கல நீங்க."

மிர்தாவின் முகம் மாறியது. பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த ரொட்டித் துண்டுகளை மேசைமேல் வைத்தாள். "தாமஸ் வம்சத்துக் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காதேன்னு எங்கப்பா சாகும்போது சொல்லிட்டுப் போனார். பெர்னார்டுக்கு விஸ்கியை ஊத்திக் கொடுத்து, நெனப்பு இல்லாதப்ப வயலைப் பிடுங்கிக்கிட்டு, கப்பல்ல ஏத்தி விட்டுட்டாங்களாம்."

லார் எழுந்துவிட்டான். "விஸ்கியா! தாமஸ் சொட்டுக் குடிச்சதில்ல. பெத்த தாயோட பசுவைத் திருடி வித்துட்டு ஓடினவன் உங்க பெர்னார்ட்."

"பசுவா? எந்தப் பசு?"

"எந்தப் பசுவா! சிவப்புப் பசு!"

"கத்தாதீங்க ரெண்டு பேரும்," என்றாள் டிம்ப்னா. "அந்தப் பசுவும் செத்துப்போச்சு, அந்த விஸ்கியும் தீந்துபோச்சு."

லார் அவள் பக்கம் திரும்பினான். வியாழக்கிழமையிலிருந்து மனதில் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வாய்க்கு வந்தது. "நம்ம விலாசம் இவங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"நான்தான் குடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு சின்னக் குழாய்ல எச்சில் துப்பி அனுப்பினேன். யாருக்கு யார் ரத்தசொந்தம்னு பாத்துச் சொல்றாங்களாமே. உலகத்துல நமக்கு வேற யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துது."

"ஏன், நான் இல்லையா?"

"அதனாலதான்டா," என்றாள் டிம்ப்னா.

லார் உட்கார்ந்தான். இத்தனை வருடம் எதிரில் உட்கார்ந்திருந்தவளை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தான். சந்தேகப்பட ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவனை அதிகம் கலக்கியது.

மிர்தா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் வந்தது ஒரே ஒரு கேள்வி கேக்கத்தான். பெர்னார்ட் தன் மகன்கிட்ட சொன்னது, தாத்தா எங்கப்பாகிட்ட சொன்னது, அப்பா எங்கிட்ட சொன்னது. தாமஸ் வீட்டுக்குப் போனா, அந்த வயல் நல்லா வெளஞ்சுதான்னு கேட்டுட்டு வா. அவ்வளவுதான்."

அது நான்கு தலைமுறையாகத் தீட்டிவைத்த கத்தி. மூவருக்கும் அது தெரிந்தது. லார் பொய் சொல்லலாமா என்று யோசித்தான்.

"வெளையல," என்றான் கடைசியில். "ஒரு வருஷம்கூட வெளையல. கோரையும் சேறும்தான். எங்கப்பா வடிகால் வெட்டியே முதுகு ஒடஞ்சார். மூணு மாடு பொதைஞ்சு செத்துது. அதை வாங்கிக்கிறீங்களான்னு நாலு பேர்கிட்ட கேட்டாச்சு. சும்மா குடுத்தாலும் வேணாம்னுட்டாங்க."

மிர்தா நம்பவில்லை. அவளும் கெயினர்தானே. "காட்டுங்க," என்றாள்.

மூவரும் மழையில் இறங்கினார்கள். வேலி தாண்டிப் பத்தடி போவதற்குள் மிர்தா முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். லார் கையைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. அவள் ஒற்றைக் காலில் நின்றபடி சுற்றிலும் பார்த்தாள்: கோரை, தண்ணீர், மறுபடி கோரை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அதற்கு நடுவில் அழுகையும் வந்தது. "இதுக்கா? இதுக்கா எங்கப்பா நிம்மதியாச் சாகல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். டிம்ப்னா தன் சால்வையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பெர்னார்டின் வீடு அவர்கள் எதிரில் நின்றது. இடதுபாதி வாசலுக்கு மேலிருக்கும் நிலைக்கல்வரை முழுமையாக எழுந்திருந்தது. வலதுபாதியில் கல்மேல் கல் இல்லை. ஊரிலிருந்து வந்த மிச்சக் கற்கள் வெளியே புல்லில் சும்மா கிடந்தன. மிர்தா நொண்டிக்கொண்டே உள்ளே போனாள், டிம்ப்னாவும் பின்னால் போனாள். லார் வாசலில் நின்றான்.

"வாங்க," என்றாள் மிர்தா.

"எங்க வீட்டு ஆளுங்க உள்ள வர்றதில்ல."

"ஏன்?"

பசுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான். மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை சேறாக நின்ற அந்த நேரத்தில் பசுவைப் பற்றிப் பேச அவனுக்கே வெட்கமாக இருந்தது. குனிந்து உள்ளே கால் வைத்தான்.

புல்லில் கிடந்த கற்கள் எழுந்தன. சத்தமில்லை, அவசரமும் இல்லை. தேநீர் ஆறும் நேரத்துக்குள் வலதுபாதி எழுந்துவிட்டது. அதற்கும் ஒரு வாசல், ஒரு அடுப்பு, ஒரு சன்னல். நடுவில் ஒரு தடுப்புச் சுவர், அதில் நெருப்போ ரொட்டியோ கைமாற்றிக்கொள்ள மார்பளவு உயரத்தில் ஒரு பொந்து. அண்ணனும் தம்பியும் அதில் ஆளுக்கொரு பாதியாக வாழ்ந்திருக்கிறார்கள். இதை இரண்டு குடும்பத்திலும் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. தாமஸின் பாதி, அவன் வம்சத்தில் மிச்சமிருந்த இரண்டு பேரும் உள்ளே வரும்வரை காத்திருந்திருக்கிறது. லார் அந்தப் பொந்தில் கையை விட்டுப் பார்த்தான். வலதுபாதிக்குள் போயிருந்த மிர்தா அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

"அப்ப தாமஸும் இங்கிருந்து போனவர்தானா," என்றாள்.

"ஆமா," என்றான் லார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

மிர்தா இன்னும் பத்து நாள் இருந்தாள். டிம்ப்னாவோடு கல்லறைகளைச் சுற்றினாள். லாரின் மாடுகளுக்கு என்ன குறை என்று சொன்னாள், அவன் கோபித்துக்கொண்டான், பிறகு அவள் சொன்னபடி செய்தான். விமானநிலையத்துக்குக் கிளம்பிய காலையில், தங்களுக்காகச் சேறே பழிவாங்கிவிட்டது, இனி தன் குடும்பம் தீர்க்கவேண்டிய கணக்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாள். ஜூலையில், அனுமதி வாங்காமல் யாரோ வீடு கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் அளவுநாடாவோடு வந்தார். யார் கட்டியது என்று ஊரில் ஒவ்வொரு வாசலிலும் கேட்டார். யாரும் கட்டவில்லை, கல் தானாக வந்தது என்று எல்லோரும் உள்ளதை உள்ளபடியே சொன்னார்கள். அவர் தன் ஊரிலும் ஒரு வீடு இப்படித்தான் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டு, பழைய கட்டடம் என்று குறித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் ஃபின்டன் கீகன் கேட்காமலே உத்தரங்கள் கொண்டுவந்து இறக்கினான். பாலஸ்டி மகன்கள் தகரம் போட்டார்கள், பங்குச் சாமியார் சன்னலுக்குக் கண்ணாடி கொடுத்தார். ஏன் என்று லார் கேட்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. செப்டம்பரில் டிம்ப்னா தன் கட்டில், வானொலி, ஆறு கோழிகளோடு வலதுபாதிக்குக் குடிபோனாள். அவளுக்கென்று ஒரு கதவு இருந்தது அதுதான் முதல்முறை. யாரோ அவள் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்று லார் கொஞ்சநாள் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு தேநீர் போடக் கற்றுக்கொண்டான், மோசமாக. தபால்காரி இப்போது இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லார் சாலையைத் தாண்டி, கோரைக்கு நடுவே போட்ட பலகைமேல் நடந்துபோய் அக்காவின் கதவைத் தட்டுகிறான். யார் என்று உள்ளிருந்து கேட்கிறாள். பெயரைச் சொல்கிறான். பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொல்கிறாள், அவனும் கழற்றுகிறான்.